ஒரு நியமனமும் ஓர் இலக்கியச் சங்கமும்

இலக்கிய அமைப்புகளை நோக்கி ஊரார் வழக்கமாக எழுப்பும் வினா ஒன்று உண்டு. மாதந்தோறும் கூடுகிறார்கள், கவிதை படிக்கிறார்கள், கட்டுரை வாசிக்கிறார்கள், கலைந்து செல்கிறார்கள். இதனால் நாட்டுக்கு விளைந்த பயன் யாது என்பதே அவ்வினா. நெய்வேலி போன்றதொரு தொழில் நகரில் இவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. இங்கே எல்லா உழைப்புக்கும் அளவு உண்டு. வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரிக்கு டன் கணக்கு. அனல் மின்நிலையம் தரும் மின்சாரத்துக்கு யூனிட் கணக்கு. ஷிப்டு முடிந்து வந்து எழுதப்படும் கவிதைக்கு மட்டும் அளவுகோல் ஏதும் இல்லை.

இவ்வினாவுக்கு விடை தரத்தக்க நிகழ்ச்சி ஒன்று 1878ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் நடந்தது. அதன் தொடக்கம் இலக்கியத்தில் இல்லை. ஒரு நீதிபதியின் நியமனத்தில் இருந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் இந்திய நீதிபதியாகிய திருவாரூர் முத்துசாமி ஐயரின் வாழ்க்கையையும், அவர் நியமனத்தையொட்டி எழுந்த பூசலையும், அப்பூசலிலிருந்து கிளைத்த பயனையும் ஒருசேரக் காணும்போது, சிறியதோர் இலக்கியக் கூட்டம் வரலாற்றில் என்ன செய்ய இயலும் என்பது விளங்கும்.

ஒரு ரூபாய்ச் சம்பளம்

முத்துசாமி ஐயர் 1832ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், வறிய அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயாருடன் திருவாரூருக்கு வந்து, கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் 1 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்கு அமர்ந்தார். சில ஆண்டுகளில் தாயாரும் மறைந்தார்.

அக்காலத்தில் ஏழைச் சிறுவன் ஒருவன் கணக்கெழுதத் தொடங்கினால், கணக்கெழுதியே முதுமை எய்துவது இயல்பு. அவ்வியல்பை மாற்றியவர் திருவாரூரில் தாசில்தாராக இருந்த முத்துசாமி நாயக்கர். சிறுவனின் நினைவாற்றலையும் கணக்கில் இருந்த நேர்த்தியையும் கண்டு வியந்த அவர், ஆங்கிலக் கல்விக்கு வழி செய்து, பின்னர்ச் சென்னைக்கும் அனுப்பி வைத்தார். சென்னையில் பவல் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரின் கண்காணிப்பில் கல்வி வளர்ந்தது. தெருவிளக்கின் ஒளியில் படித்தார் என்று வழிவழியாக வழங்கிவரும் கதை அந்நாளையது. 1854ஆம் ஆண்டில் அரசின் கல்விக் குழு நடத்திய கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய்ப் பரிசு அவருக்குக் கிடைத்தது. மாதம் 1 ரூபாய் பெற்றவர் ஒரு கட்டுரையால் 500 ரூபாய் பெற்றார். எழுத்து அவருக்குத் திறந்த முதல் கதவு இதுவே.

அதன்பின் அவர் ஏறிய படிகள் ஒவ்வொன்றும் சிறியவை. ஆயினும் ஒன்றையும் அவர் தாண்டிக் குதிக்கவில்லை. தஞ்சையில் ஆவணக் காப்பாளர். பள்ளிகளின் துணை ஆய்வாளர். 1856ஆம் ஆண்டு வழக்கறிஞர் தேர்வில் வெற்றி. தொடர்ந்து தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப். ஏறத்தாழ அதே காலத்தில் அதே தரங்கம்பாடியில் முன்சீப் பதவி ஏற்ற மற்றொருவர் வேதநாயகம் பிள்ளை. முதல் தமிழ் நாவலாசிரியர் என்று இலக்கிய உலகம் அறிந்திருப்பவர் அவரே. டேனியரிடமிருந்து 1845இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த அச்சிறு கடற்கரை ஊரின் நீதி இருக்கை, தமிழ் உரைநடைக்கு ஒருவரையும் உயர்நீதிமன்றத்துக்கு ஒருவரையும் தந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

1859இல் தஞ்சையில் துணை ஆட்சியராகவும், 1865இல் தென் கன்னடத்தில் பிரின்சிபல் சதர் அமீனாகவும், 1868இல் சென்னை மாநகரில் போலீஸ் மாஜிஸ்திரேட்டாகவும் முத்துசாமி ஐயர் பணியாற்றினார். பணியில் இருந்துகொண்டே சட்டப் பட்டத் தேர்வையும் எழுதித் தேறினார். மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, அத்துமீறி நுழைந்த ஒருவனை அடித்த குற்றத்துக்காக ஆங்கிலேய உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கே அழைப்பாணை அனுப்பி 3 ரூபாய் அபராதம் விதித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பின்னர்ச் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியானார்.

சட்டம் வைத்த வாசல்கள்

இவ்வாறு படிப்படியாக வந்த ஒருவர் உயர்நீதிமன்றத்தின் வாயிலை அடைந்தது எவ்வாறு என்பதை அறிய, 1861ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் இயற்றிய இந்திய உயர்நீதிமன்றங்கள் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று உயர்நீதிமன்றங்களும் 1862இல் உருவானது அச்சட்டத்தின் வழியேதான். சென்னை உயர்நீதிமன்றம் 1862 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது.

நீதிபதிகள் நால்வகையினராக இருக்கலாம் என்றது அச்சட்டம். ஐந்தாண்டு அனுபவமுள்ள பாரிஸ்டர்கள் முதல் வகை. மாவட்ட நீதிபதியாகப் பணியாற்றிய சிவில் சர்வீஸ் அதிகாரிகள் இரண்டாம் வகை. இவ்விரு வகையினருக்கும் தலைக்கு மூன்றில் ஒரு பங்கு இடமேனும் ஒதுக்கப்படல் வேண்டும். இரண்டு வாசலுக்கும் வழி இலண்டன் மாநகரின் ஊடே சென்றது. கடல் கடந்து செல்லப் பொருளும், சாதிக் கட்டுப்பாட்டை மீறும் துணிவும் அற்ற இந்தியனுக்கு அவை பெயரளவில் திறந்த வாசல்கள். நான்காம் வகை, உயர்நீதிமன்றத்தில் பத்தாண்டு வழக்காடிய வக்கீல்களுக்குரியது. எஞ்சிய மூன்றாம் வகை, பிரின்சிபல் சதர் அமீன் அல்லது சிறுவழக்கு நீதிபதி என்னும் நிலைக்குக் குறையாத பதவியில் ஐந்தாண்டு பணியாற்றியவர்களுக்குரியது.

முத்துசாமி ஐயர் வகித்த பதவிகளை இச்சட்டத்தோடு ஒட்டவைத்துப் பார்த்தால், அவர் எந்த வாசலின் வழியே வந்தார் என்பது தெளிவு. தென் கன்னடத்துச் சதர் அமீன் பதவியும் சென்னைச் சிறுவழக்கு நீதிபதி பதவியும் அவருக்கு அத்தகுதியை முழுமையாகத் தந்திருந்தன. கல்கத்தாவில் 1863லேயே சம்புநாத் பண்டிதர் நீதிபதியாக அமர்ந்துவிட்டார். சட்டம் பிறந்து ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் சென்ற பின்னரே சென்னை அத்தகைய ஒருவரைக் கண்டது. 1877-78இல் முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமனம் பெற்றார்.

தகுதியில் குறை இல்லை. அனுபவத்தில் குறை இல்லை. நேர்மையில் எவரும் ஐயம் எழுப்பவில்லை. ஆயினும் ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் நியமனத்தைக் கண்டித்து எழுதின. உயர்நீதிமன்ற இருக்கையில் இந்தியர் ஒருவர் அமர்வதே அவர்கள் கண்ணுக்கு உறுத்தலாக இருந்தது. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்த காலம் அது. இந்திய மொழி இதழ்களை ஒடுக்கும் சட்டத்தை 1878 மார்ச்சில் அவர் அரசு பிறப்பித்தது. நாட்டின் சூழ்நிலை அத்தகையது.

எண்பது படிகள்

குற்றச்சாட்டுக்கு மறுமொழி சொல்ல வேண்டும், யார் சொல்வது? நீதிபதி பத்திரிகையோடு வாதிடுதல் பதவியின் மரபுக்கு ஒவ்வாது. நியமித்த அரசு, தன் இனத்தாரின் இதழ்களோடு மல்லுக்கு நிற்கப் போவதில்லை. சென்னையில் இந்தியரின் கருத்தை ஆங்கிலத்தில் ஓங்கிச் சொல்ல நிலைத்த இதழ் ஒன்றும் இல்லை. தகுதியுள்ளவர் தம் தகுதியின் பொருட்டே தாக்கப்படுகையில் அவருக்காகப் பேச ஒரு நாவும் இல்லாத நிலை.

அந்நாவாக அமைந்தது திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கம். அச்சங்கத்தைச் சார்ந்த இளைஞர் அறுவர் கூடி ஒரு வார இதழைத் தொடங்கினர். ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் ஆசிரியத் தொழிலில் இருந்தவர்கள். டி. டி. ரங்காச்சாரியார், பி. வி. ரங்காச்சாரியார், டி. கேசவராவ் பந்த், என். சுப்பாராவ் பந்துலு ஆகிய நால்வரும் சட்டம் பயின்ற மாணவர்கள். அறுவரில் தலைமை ஏற்ற சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23. அச்சகம் இல்லை, மூலதனம் இல்லை. 1 ரூபாய் 12 அணாவைக் கடன் வாங்கி, தங்கசாலைத் தெருவிலிருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 படிகள் அச்சிட்டனர். விலை 4 அணா. 1878 செப்டம்பர் 20ஆம் நாள் வெளிவந்த அவ்விதழுக்கு ‘ஹிந்து’ என்று பெயர் வைத்தனர்.

மாதம் 1 ரூபாய்ச் சம்பளத்தில் தொடங்கிய ஒரு வாழ்க்கையைத் தாங்கிப் பேச, 1 ரூபாய் 12 அணாக் கடனில் ஒரு பத்திரிகை பிறந்தது. அறுவரும் முத்துசாமி ஐயர் என்னும் தனிமனிதருக்காக மட்டும் பேசியவர் அல்லர். ஒருவரின் தகுதியைக் கண்டு அளித்த பதவியை அவர் பிறப்பைக் கண்டு மறுப்பது முறையாகுமா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. சட்ட மாணவர் நால்வரும் தேர்வு முடிந்து தத்தம் வழியில் பிரிந்தனர். ஆசிரியர் இருவரும் விடாது நின்றனர். இதழ் 1883இல் வாரம் மும்முறையாகவும், 1889இல் நாளிதழாகவும் வளர்ந்தது.

கவிஞர்களுக்கு இதனினும் நெருங்கிய செய்தி அடுத்து வருகிறது. ஆங்கிலத்தில் எழுதுவது ஆள்வோர் காதில் விழும். ஆளப்படுவோர் காதில் விழாது என்பதைச் சுப்பிரமணிய ஐயர் சில ஆண்டுகளிலேயே உணர்ந்தார். 1882இல் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில்தான் எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதி பிறந்தார். 1898இல் ‘ஹிந்து’வை விட்டு விலகிய ஐயர், தம் முழு உழைப்பையும் தமிழ் இதழுக்கே தந்தார், 1899இல் அது நாளிதழாயிற்று. 1904இல், மதுரையில் பள்ளி ஆசிரியராகச் சில மாதங்கள் கழித்திருந்த இளம் பாரதியைச் சென்னைக்கு அழைத்துத் துணை ஆசிரியர் நாற்காலியில் அமர்த்தினார். வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்து மொழிபெயர்த்தே பாரதியின் உரைநடை உரம் பெற்றது. 1920இல் பாரதி மீண்டும் திரும்பிவந்து சேர்ந்ததும், 1921இல் மறையும்போது பணியாற்றிக் கொண்டிருந்ததும் அதே இதழில்தான்.

முத்துசாமி ஐயரின் நியமனம் இல்லையேல் பாரதி இல்லை என்று கூறுதல் மிகையாகும். பாரதி எங்கேனும் முளைத்தே இருப்பார். ஆனால், அவருக்குச் சோறும் எழுதுகோலும் தந்த அந்த நாற்காலி வந்த வழியைத் தேடிப் பின்னோக்கி நடந்தால், சுதேசமித்திரன் வழியாக ஹிந்துவையும், ஹிந்து வழியாகத் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தையும், சங்கத்தின் வழியாக ஒரு நீதிபதியின் நியமனத்தையும் வந்தடைகிறோம். இச்சங்கிலியில் கண்ணி ஏதும் கற்பனையன்று.

இருக்கையில் அமர்ந்தபின்

முத்துசாமி ஐயர் சற்றேறக்குறைய பதினேழு ஆண்டுகள் நீதிபதியாக இருந்தார். மேல்முறையீட்டு நீதிபதியின் வேலை, விசாரணை நீதிபதியின் வேலையினின்றும் வேறுபட்டது. சாட்சியின் முகத்தை அவர் காண்பதில்லை, குரலைக் கேட்பதில்லை. கீழ்க்கோர்ட்டில் எழுதப்பட்ட வாக்குமூலமும், பத்திரங்களும், தீர்ப்பும் அவர் மேசைக்கு வருகின்றன. படித்தலும் எழுதுதலுமே அவருடைய தொழில். அவ்வகையில் அது இலக்கியவாணர் தொழிலுக்குத் தொலைவில் உள்ளதன்று.

இங்கேதான் முதல் இந்திய நீதிபதியின் வருகைக்கு ஆழ்ந்த பொருள் உண்டு. முன்சீப் கோர்ட்டில் உழவன் தமிழில் பேசுவான். அப்பேச்சு ஆங்கிலமாகி உயர்நீதிமன்றத்தை அடையும். பங்காளி, தாயாதி, சீதனம், குத்தகை, வாய்க்கால் முறை என்னும் சொற்களுக்குப் பின்னே ஒரு வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் சொல் மட்டுமே போய்ச் சேரும். முத்துசாமி ஐயரோ கிராமக் கணக்கைத் தம் கையால் எழுதியவர். இந்து சட்ட வழக்குகளில் அவர் தீர்ப்புகள் பெற்ற மதிப்புக்கு வடமொழி நூலறிவு ஒரு காரணமெனில், ஊர் வழக்கறிவு மற்றொரு காரணம் எனலாம்.

1891இல் மலபார் திருமண முறையை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கு அவர் தலைவரானார். அக்குழுவில் உறுப்பினராக இருந்தவர்களுள் ஒருவர், மலையாளத்தின் புகழ்பெற்ற ‘இந்துலேகா’ நாவலை 1889இல் எழுதிய சந்து மேனோன். அவரும் நீதித்துறை அதிகாரியே. 1893இல் மூன்று மாத காலம் முத்துசாமி ஐயர் தற்காலிகத் தலைமை நீதிபதியாகப் பணியாற்றினார். அவ்வாண்டே ‘சர்’ பட்டமும் பெற்றார். 1895 ஜனவரி 25ஆம் நாள், அறுபத்து மூன்று வயது நிறைவதற்கு மூன்று நாள் முன்னர், பதவியில் இருக்கும்போதே காலமானார். 1892இல் திறக்கப்பட்ட செந்நிறக் கட்டடத்தில் அவருடைய பளிங்குச் சிலை வைக்கப்பட்டது. தலைப்பாகையுடன் அமர்ந்த கோலம். காலில் செருப்பு இல்லை. இந்தோ-சாரசெனிக் பாணி மண்டபத்தில் திருவாரூர்ச் சிறுவனின் வெறுங்கால்களைச் சிற்பி மறைக்கவில்லை.

பின்னர் வந்தோரும் வர இயலாதோரும்

திறந்த வாசல் அதன்பின் மூடவில்லை. 1895இல் மதுரை எஸ். சுப்பிரமணிய ஐயர் அவ்விருக்கைக்கு வந்தார். 1948இல் பி. வி. ராஜமன்னார் சென்னை உயர்நீதிமன்றத்தின் நிலையான தலைமை நீதிபதியான முதல் இந்தியரானார். தெலுங்கு நாடகாசிரியராகிய அவரே 1953இல் சங்கீத நாடக அகாதெமியின் முதல் தலைவராகவும் விளங்கினார். 1979இல் தலைமை நீதிபதியான நாகூர் மு. மு. இஸ்மாயீலைத் தமிழுலகம் நீதிபதியாக அறிந்ததைக் காட்டிலும் கம்பனில் தோய்ந்த அறிஞராகவே மிகுதியும் அறியும். 1981இல் கேரள உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டபோது, அங்குச் செல்லாமல் பதவி துறந்தார் அவர். நியமனம் பற்றிய வினா வெள்ளையரோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று.

மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. 1878இல் திறந்த வாசலின் வழியே நெடுங்காலம் நுழைந்தோர் கல்வியை முன்னரே கைக்கொண்டிருந்த சில குடியினரே. திருவாரூர்ச் சிறுவன் ஏழைதான்; எனினும் எழுத்தறிவு அவன் குடிக்கு விலக்கப்பட்ட பொருளன்று. எழுத்தே விலக்கப்பட்டிருந்த குடியில் பிறந்த ஒருவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது. ஏ. வரதராஜன் 1973இல் அப்பதவியை அடைந்தார். 1980 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தில் அமர்ந்து, தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து அங்குச் சென்ற முதல் நீதிபதி என்னும் சிறப்பையும் பெற்றார். திருவல்லிக்கேணி இளைஞர் வெள்ளையரை நோக்கி எழுப்பிய அதே வினாவை, நம் சமூகம் தன்னை நோக்கி எழுப்பிக்கொள்ள இத்தனை காலம் பிடித்தது.

மொழி பற்றிய வினாவும் அவ்வாறே தொங்கி நிற்கிறது. முத்துசாமி ஐயரின் நியமனத்துக்கு அடுத்த ஆண்டு, 1879இல், வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது. தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் தமிழிலேயே வழக்காட வேண்டும் என்று வாதிடும் பகுதி அந்நாவலில் உண்டு. கீழ்க்கோர்ட்டுகளில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டுமென்று 2006இல் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் அது நிறைவேறவில்லை. முன்சீப் நாவலாசிரியரின் கனவு பாதி வழியில் நிற்கிறது.

நெய்வேலிக்கு இதில் என்ன

பழைய தென்னார்க்காடு மாவட்டத்து விருத்தாசலம் வட்டத்தின் செம்மண்ணில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20ஆம் நாள் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நாட்டுக்கு ஒளி கிடைத்தது. அதன்பொருட்டு உழவர் நிலம் கொடுத்தனர். நிலம் எடுப்பதற்கு நாடெங்கும் அக்காலத்தில் வழங்கிய பொதுச் சட்டம் 1894ஆம் ஆண்டினது, முத்துசாமி ஐயர் பதவியில் இருந்த இறுதி ஆண்டில் இயற்றப்பட்டது. அரசு அதிகாரி விதித்த விலை போதாது என்று கருதும் நிலவுடைமையாளர், வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி கோரலாம். அங்கும் மனம் நிறைவுறாவிடில் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்று அச்சட்டம் கூறியது. 2014இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இந்தியாவில் நிலம் இழந்தோர் பற்றியிருந்த கொழுகொம்பு அதுவே. கொல்லைக்கும் கிணற்றுக்கும் முந்திரித் தோப்புக்கும் உரிய மதிப்பை எழுத்தில் படித்துத் தீர்மானிக்கும் இருக்கையில், அச்சொற்களின் பொருளை வாழ்ந்து அறிந்தவர் அமர்கிறாரா என்பது நிலம் இழந்தவருக்கு ஏட்டளவிலான கேள்வியன்று. குடும்பத்தின் நாளைய சோறு.

ஆகவே, ஒரு நியமனத்தின் கதை இரு பாடங்களைத் தருகிறது. கல்வியும் உழைப்பும் ஒருவரை வாசல் வரை கொண்டுசெல்லும் என்பது முதற்பாடம். முத்துசாமி ஐயரின் வாழ்க்கை அதற்குச் சான்று. வாசலில் தடை எழும்போது அவருக்காகப் பேசப் பிறர் வேண்டும் என்பது இரண்டாம் பாடம். அப்பாடம் பள்ளிப் புத்தகங்களில் இடம்பெறுவது அரிது. தெருவிளக்குக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். கடன் வாங்கி அச்சிட்ட 80 படிகளின் கதையைச் சொல்வதில்லை.

பத்தாண்டு நிறைவில் மலர் வெளியிடும் எந்த இலக்கிய வட்டமும் தன் படிகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கூச்சமுறல் வேண்டா. திருவல்லிக்கேணிச் சங்கத்தாரிடம் இருந்தவையும் வாசிக்கும் பழக்கம், எழுதத் தெரிந்த கை, ஒருவரோடொருவர் கூடும் வழக்கம் ஆகிய மூன்றே. அநீதி கண்முன் நிகழ்ந்தபோது அவற்றை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அவர்கள் அறிந்திருந்தனர். இலக்கியக் கூட்டத்தால் விளையும் பயன் யாது என்று ஊரார் மீண்டும் கேட்பின், 1878 செப்டம்பர் 20ஆம் நாளை அவர்களுக்கு நினைவூட்டலாம்.